கைப்பேசிச் செயலிகளின் தனியுரிமை அறிவிப்பும் பயனர் புரிதலும்

தனியுரிமை அறிவிப்பு என்பது, ஒரு கைப்பேசிச் செயலி பயனரிடமிருந்து எந்தெந்தத் தரவுகளைத் திரட்டுகிறது, எதற்காகப் பயன்படுத்துகிறது, யாருடன் பகிர்கிறது என்பவற்றைத் தெரிவிக்கும் அறிக்கையாகும். பலர் இதைப் படிக்காமலேயே 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதைத் தொட்டுவிடுகின்றனர்.

படிக்காததற்குக் காரணங்கள்

அறிவிப்புகள் நீளமானவை, சட்ட நடையில் எழுதப்பட்டவை. ஒருவர் தாம் பார்க்கும் இணையதளங்களின் அறிவிப்புகள் அனைத்தையும் படிக்க ஆண்டுக்குச் சுமார் 244 மணி நேரம் தேவை என, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் மதிப்பிட்டனர். எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் இது 30 நாள்களுக்கு மேல். அறிவிப்பு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், தமிழ் மட்டும் அறிந்தவருக்கு அது இருந்தும் பயனில்லை.

தவறான புரிதல்

தனியுரிமைக் கொள்கை இருந்தாலே தரவு பகிரப்படாது என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. பகிர்வதையும் அந்தக் கொள்கையே தெரிவிக்கலாம். அமெரிக்காவில் 2014இல் பியூ ஆய்வு மையம் நடத்திய கணிப்பில், இணையப் பயனர்களில் 52 விழுக்காட்டினர் இவ்வாறே கருதினர்.

கடன் செயலிகள்

புரியாமல் தரும் அனுமதியின் விளைவை இந்தியாவில் கடன் செயலிகள் காட்டின. சில செயலிகள் கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களை எடுத்துக்கொண்டன. தவணை தவறியதும் கடனாளியின் உறவினர், நண்பர்களை அழைத்து அவரை அவமானப்படுத்தின. இதையடுத்து இந்திய ரிசர்வ் வங்கி, 2022 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளில், கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, கோப்புகள் ஆகியவற்றை அணுகக்கூடாது என்றது.

சட்டம்

தனியுரிமை அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, அறிவிப்பை ஆங்கிலத்திலோ, தமிழ் உள்ளிட்ட எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பு பயனருக்கு இருக்க வேண்டும். மருத்துவ ஆலோசனைச் செயலி தொடர்புப் பட்டியலைக் கேட்டு, பயனர் இசைந்தாலும், சிகிச்சைக்குத் தேவையற்ற அந்த இசைவு செல்லாது என்று சட்டமே எடுத்துக்காட்டுகிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது.

பயனர் செய்யக்கூடியது

செயலியின் வேலைக்கும் அது கேட்கும் அனுமதிக்கும் தொடர்பு உண்டா எனப் பார்க்க வேண்டும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு வழிகாட்டும் வரைபடச் செயலிக்கு இருப்பிடம் தேவை. டார்ச் விளக்குச் செயலிக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை. முன்பே தந்த அனுமதிகளையும் கைப்பேசியின் 'அமைப்புகள்' பகுதியில் திரும்பப் பெறலாம். ஆனால், அதற்கு முன் எடுக்கப்பட்ட தரவு அதனால் தானாக அழிந்துவிடாது.