செயலியில் மேலடுக்கு வழிகாட்டி: காஞ்சிபுரக் கைத்தறி நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கைப்பேசிச் செயலியைப் புதிதாகத் திறப்பவருக்குத் திரையின் மீதே தோன்றி, எதை எப்போது தொட வேண்டும் எனக் காட்டும் படிப்படியான குறிப்புகளை இக்கட்டுரை ‘மேலடுக்கு வழிகாட்டி’ எனக் குறிக்கிறது. காஞ்சிபுரத்துக் கைத்தறி நெசவாளரைப் பயனராகக் கொண்டு, அதன் அமைப்பையும் சேர்க்கும் முறையையும் அதற்குரிய தமிழ்நடையையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செயலி, மேலடுக்கு, கோர்வை, வியங்கோள், வேற்றுமை உருபு.

முன்னுரை

2019-20ஆம் ஆண்டின் நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நெசவாளரும் துணைத்தொழிலாளருமாக 35 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பதிவு செய்தது. இவர்களுக்கு நூல் வழங்க 1983இல் நிறுவப்பட்ட தேசியக் கைத்தறி வளர்ச்சிக் கழகம், நூலைக் கைப்பேசி வழியே கேட்டுப் பெறுவதற்கு ‘இ-தாகா’ என்னும் செயலியை அறிமுகப்படுத்தியது. இத்தகைய செயலிகளின் நோக்கம் நெசவாளர் தாமே நேரடியாக நூல் பெறுதல் ஆகும். ஆயின், செயலியைக் கையாளத் தெரியாதவர் கைப்பேசியைப் பிறரிடம் நீட்ட வேண்டியவராகிறார். கடவுச்சொல்லும் கணக்கு விவரமும் அப்பிறரின் கைக்குச் செல்கின்றன. இடையாளரை விலக்க வந்த கருவி வேறோர் இடையாளரை உருவாக்கிவிடுகிறது. ஆகவே, வழிகாட்டியை அழகுக்காகச் சேர்க்கும் உறுப்பாகக் கருதுதல் பொருந்தாது.

தறியருகே கற்றல்

காஞ்சிபுரச் சேலையின் தனிச்சிறப்பு கோர்வை ஆகும். உடலும் கரையும் வெவ்வேறு நிறம் கொள்வதால், மூன்று நாடாக்களைக் கொண்டு இரண்டையும் பிணைத்து நெய்வர். நெசவாளர் தறியில் அமர, கரைக்குரிய நாடாவைச் செலுத்த ஓர் உதவியாளர் அருகில் இருப்பார். தொழிலைக் கற்பவர் பெரும்பாலும் இவ்விடத்திலிருந்தே தொடங்குகிறார். எந்த இழை எப்போது பிணைய வேண்டும் என்பதை, அது நிகழும் கணத்திலேயே கண்டு கற்கிறார்.

கணினித் துறையிலும் இதையொத்த கருத்து உண்டு. ஜான் கேரல், மேரி பெத் ராசன் ஆகியோர் 1987இல் வெளியிட்ட ஆய்வு, பயனர்கள் கையேட்டைப் படித்து முடித்துவிட்டுத் தொடங்குவதில்லை; உடனே செயலில் இறங்கிவிடுகிறார்கள் என்று எடுத்துக்காட்டியது. எனவே செயலியைத் திறந்தவுடன் பத்துத் திரைகளில் அனைத்தையும் விளக்குவது பயன் தராது. தேவை எழும் இடத்தில் ஒரு குறிப்புப் போதும்.

சேர்க்கும் முறை

முதலில் ஒரே ஒரு பணியைத் தேர்தல் வேண்டும். நூல் கேட்டல் அப்பணியாயின், நூல் வகை, அளவு, உறுதி செய்தல் என மூன்று படிகள் அமையும்.

அடுத்து, திரையை மங்கலாக்கும் ஓர் அடுக்கை இட்டு, தொட வேண்டிய பொத்தானை மட்டும் ஒளிரவிட வேண்டும். அவ்வொளிவட்டத்தைத் திரையின் ஆயத்தொலைவுகளோடு பிணைத்தால், திரை அளவு மாறும்போது குறிப்பு வேறிடத்தைச் சுட்டும். ஆதலால் பொத்தானின் அடையாளப் பெயரோடு பிணைத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, ‘அடுத்து’ என்பதை அழுத்திக்கொண்டே செல்வதைவிட, பயனர் உண்மையான பொத்தானைத் தொட்ட பின்னரே அடுத்த படி தோன்றுவது நன்று. செய்தவர்க்கே கை பழகும்.

நான்காவதாக, ‘தவிர்’ என்னும் வாய்ப்பு எப்போதும் இருத்தல் வேண்டும். வழிகாட்டியைக் கண்டு முடித்ததைச் செயலி நினைவில் கொள்ள வேண்டும். உதவிப் பகுதியிலிருந்து மீண்டும் அழைக்கவும் இடமளிக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கிப் பார்ப்போருக்கும், திரையை வாசிக்கும் குரல்வசதியைப் பயன்படுத்துவோருக்கும் குறிப்பு முழுமையாகக் கிடைக்கிறதா எனச் சோதித்தலும் இன்றியமையாதது.

வழிகாட்டியின் தமிழ்

தமிழில் வினைமுற்று பொதுவாக இறுதியில் நிற்கும். ‘நூல் கேட்க இங்கே தொடவும்’ என்பதில் நோக்கம் முதலிலும் செயல் இறுதியிலும் வருகின்றன. கண் வாக்கியத்தின் முடிவை எட்டும்போது விரலுக்குரிய சொல் கிடைக்கிறது. ஏவல் ஒருமையான ‘தொடு’ மூத்தோரிடம் மரியாதைக் குறைவாக ஒலிக்கும். நன்னூல் ஐம்பால் மூவிடங்களுக்கும் பொதுவாக்கும் வியங்கோளான ‘தொடுக’ என்பதோ, இக்காலப் பொதுவழக்கான ‘தொடவும்’ என்பதோ இங்குப் பொருந்தும். ஒரே செயலியில் ஒரு வடிவத்தையே பேணுதல் வேண்டும்.

நிரலர்கள் ‘தேர்வு செய்க’ என்னும் தொடரோடு பொருட்பெயரை இயந்திரமுறையில் ஒட்டுவதுண்டு. தமிழில் இது பிழைபடும். ‘நிறம்’ என்பது ‘நிறத்தை’ என அத்துச்சாரியை பெறும். ‘பாவு’ என்பது ‘பாவை’ எனவும், ‘பட்டு’ என்பது ‘பட்டை’ எனவும் இரண்டாம் வேற்றுமை ஏற்று வேறு பொருளுக்கும் இடந்தரும். எனவே ஒவ்வொரு குறிப்பையும் முழு வாக்கியமாகவே எழுதி வைப்பது முறை. ‘பாவுக்கான நூலைத் தேர்வு செய்யவும்’ என்றால் மயக்கம் நீங்கும். பாவு, ஊடை, ஜரிகை எனத் தறியில் வழங்கும் சொற்கள் இருக்க, புதுச்சொல் புனைதல் தேவையற்றது. அவை நெசவாளர் நாவில் ஏற்கெனவே வாழ்பவை.

முடிவுரை

மேலடுக்கு வழிகாட்டியின் வெற்றியை, அதனை எத்தனை பேர் இறுதிவரை பார்த்தனர் என்பதைக் கொண்டு அளத்தல் தகாது. அடுத்த முறை நெசவாளர் பிறர் துணையின்றித் தாமே நூல் கேட்டாரா என்பதே உரிய அளவுகோல். கோர்வை கற்றவருக்குப் பின்னர் அருகிருந்து சொல்லித்தருபவர் தேவையில்லை. நல்ல வழிகாட்டியும் அவ்வாறே தன் தேவையைத் தானே குறைத்துக்கொள்வதாகும்.