வீடு மாறும் காசுகள்!

வீட்டில் சதுரங்கப் பலகை இருக்கிறதா? எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் தரையில் சாக்கட்டியால் 64 கட்டங்கள் போட்டாலும் போதும். 22 புளியங்கொட்டை, 22 மொச்சைக்கொட்டை எடுத்து, கண்டபடி கலந்து, கட்டத்துக்கு ஒன்றாக வையுங்கள். 20 கட்டங்கள் காலியாகக் கிடக்கட்டும்.

பலகைதான் ஊர். ஒவ்வொரு கொட்டையும் ஒரு குடும்பம். சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் குடியிருப்பவர்களில், மூன்றில் ஒரு பங்கு தன் இனமாக இருந்தால் அந்தக் குடும்பத்துக்குத் திருப்தி. மற்றவர்கள் யாராக இருந்தாலும் கவலை இல்லை. அந்த ஒரு பங்கும் இல்லாவிட்டால்தான் மூட்டை கட்டும்; தனக்குப் பிடித்த காலியிடத்துக்குக் குடி போகும்.

இப்படி ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே போங்கள். என்ன ஆகும்?

ஊர் கலந்தேதான் இருக்கும் என்று நினைப்போம். மூன்றில் ஒரு பங்கு கேட்பது பேராசையா, என்ன? ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. புளியங்கொட்டைகள் ஒரு பக்கம் கூடிவிடும். மொச்சைகள் இன்னொரு பக்கம்!

காரணம் இதுதான். ஒரு குடும்பம் காலி செய்து போனால், பழைய இடத்தில் அதன் இனத்தாருக்குத் துணை குறைகிறது. அவர்களும் கிளம்ப நேரிடுகிறது. போய்ச் சேர்ந்த இடத்திலோ, அங்கே இருந்த மற்ற இனத்தார் சிறுபான்மை ஆகிறார்கள். ஒருவர் போவது இன்னொருவரையும் இழுக்கிறது. ஊர் இரண்டாகப் பிரியவேண்டும் என்று யாருமே கேட்கவில்லை. ஆனாலும் பிரிந்துவிட்டது!

விமானத்தில் பிறந்தது

இந்த விளையாட்டை உலகறியச் செய்தவர் தாமஸ் ஷெல்லிங். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர். அமெரிக்க நகரங்களில் வெள்ளையர் தெரு தனியாகவும், கறுப்பர் தெரு தனியாகவும் இருப்பது ஏன் என்று அவர் யோசித்து வந்தார். ஒரு நாள் விமானத்தில் போகும்போது படிக்க ஒன்றும் இல்லை. காகிதத்தில் இரண்டு விதக் குறிகளை வரிசையாகப் போட்டு, இடம் மாற்றி மாற்றிப் பார்த்தார். வீடு வந்ததும் பலகையும் காசுகளும் கிடைத்தன. 1971ல் அதை விரிவான கட்டுரையாக வெளியிட்டார்.

சமூக ஆராய்ச்சி செய்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. ரசாயன நிபுணர் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சோதித்துப் பார்க்கலாம். ஓர் ஊர் ஜனங்களை அப்படிக் குழாயில் ஊற்ற முடியுமா? இந்தச் சங்கடத்தைக் கம்ப்யூட்டர் ஓரளவு தீர்த்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களை அதற்குள் குடி வைக்கலாம். 'மூன்றில் ஒரு பங்கு' என்பதைக் கால் பங்கு, அரைப் பங்கு என்று மாற்றி மாற்றி ஓட்டலாம். கையால் செய்தால் ஒரு நாள் பிடிக்கும் வேலை, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்!

1996ல் எப்ஸ்டைன், ஆக்ஸ்டெல் என்ற இரு அமெரிக்கர்கள், சர்க்கரை விளையும் ஒரு பொய் ஊரைக் கம்ப்யூட்டரில் படைத்துக் காட்டினார்கள். அந்த ஊரில் சிலருக்குக் கண் தூரம் தெரியும். சிலருக்குப் பசி அதிகம். போகப் போகச் சிலரிடம் சர்க்கரை குவிந்தது. பலருக்கு மிச்சமே இல்லை.

முள்வேலிக்குள் ஒரு மாணவர்

பலகையின் கதை ஷெல்லிங்கோடு தொடங்கவில்லை. அவருக்கு முன்பே ஒருவர் இதைச் செய்திருந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் சகோடா. அமெரிக்காவில் பிறந்தவர், பூர்வீகம் ஜப்பான். 1942ல், யுத்த காலத்தில், ஜப்பானிய வம்சத்தார் சுமார் 1,20,000 பேரை அமெரிக்க சர்க்கார் முகாம்களில் அடைத்தது. மாணவரான சகோடாவும் அதில் ஒருவர். முள்வேலிக்குள் இருந்தபடியே, ஜனங்கள் எப்படிக் கட்சி பிரிகிறார்கள், எப்படிச் சேருகிறார்கள் என்று ஆராய்ச்சிக்காகக் குறிப்பெடுத்தார். 1949ல் அவர் எழுதிய பட்ட ஆராய்ச்சியில் சதுரங்கக் கட்டம் வந்துவிட்டது. பிறகு பிரௌன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டினார். அவருடைய கட்டுரையும் 1971ல்தான் வெளிவந்தது. அதுவும் ஷெல்லிங் எழுதிய அதே பத்திரிகையில்!

"பார்த்தீர்களா, யார் பேரிலும் குற்றம் இல்லை, தாங்களாகவே பிரிந்துவிட்டார்கள்" என்று பலகையைக் காட்டிக் கை கழுவப் பார்ப்பவர்கள் உண்டு. அதை நான் ஏற்கமாட்டேன். கறுப்பருக்கு விற்கக்கூடாது என்று அமெரிக்காவில் வீட்டுப் பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். கடன் கொடுப்பவர்கள் கறுப்பர் தெருக்களை ஒதுக்கினார்கள். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இன பேதம் காட்டக்கூடாது என்று நாடு முழுவதற்குமான சட்டம் 1968ல்தான் வந்தது. பிரிவினைக்கு வேறு காரணங்களும் உண்டு என்று ஷெல்லிங்கே எழுதியிருக்கிறார். நாம் சொல்லாத எதுவும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சகோடா முகாமுக்குப் போனது அக்கம்பக்கம் பிடிக்காமல் அல்ல, சர்க்கார் உத்தரவால்!

2005ல் ஷெல்லிங்குக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. பரிசைப் பகிர்ந்துகொண்டவர் ராபர்ட் ஆமன். சகோடா காலமானதும் அதே ஆண்டில்தான். அவருடைய பலகையைப் பற்றி வெகு சிலருக்கே தெரியும். ஆனால் காகிதத்தை மடித்துப் பொம்மை செய்யும் ஜப்பானியக் கலையைப் பற்றி 1969ல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். அந்தக் கலை பயில்கிறவர்களுக்கு இன்றைக்கும் அவரைத் தெரியும்.