முகப்பில் நிற்கும் புதிய ஊழியர்

1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் ஒரு சிறு கூட்டுறவுக் கடை திறக்கப்பட்டது. அதை நிறுவிய தொழிலாளருள் நெசவாளர் பலர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்ற அக்கடையில் அங்கத்தினரே விற்பனைக்கு நின்றனர். கலப்படமற்ற சரக்கு, சரியான எடை என்பது அவர்கள் கொள்கை. உடையவரே விற்பவராக இருந்தமையால் அக்கொள்கையை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்று நம் சங்கங்களின் நிலை வேறு. சேலை நெய்தவர் தறிக்குழியில் இருக்கிறார்; வாங்குவோர் எதிரே நிற்பவரோ சம்பளம் பெறும் ஊழியர். நெய்தவருக்காகப் பேசும் வாய் அவருடையதே. விலைச்சீட்டையும் பில் போடும் கருவியையும் மட்டும் காட்டி, மறுநாளே அவரை விற்பனை மேசையில் நிறுத்துவது முறையாகுமா?

"இதே போன்ற சேலை எதிர்க் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே" என்று ஒருவர் கேட்பதாகக் கொள்வோம். பயிற்சியற்றவர், "விலை சங்கம் வைத்தது" என்பார். சேலை மீண்டும் அலமாரிக்குப் போகும். சரக்குத் தேங்கினால் பணம் முடங்கும். பணம் முடங்கினால் பாவும் ஊடையும் கொடுப்பது தாமதமாகும். முடிவில் ஒரு தறி நிற்கும்.

தறியருகே ஒரு வாரம் இருந்து பழகியவரோ சேலையை விரித்துக் காட்டுவார். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் கரையும் உடலும் வெவ்வேறு நாடாக்களால் நெய்யப்பட்டு இணைக்கப்படுவதையும், அதற்குத் துணையாள் வேண்டியிருப்பதையும் விளக்குவார். 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் ஒரு ராத்தலுக்கு எத்தனையோ, அதுவே பருத்தி நூலின் நம்பர். ஆகவே 40-ஆம் நம்பரைவிட 100-ஆம் நம்பர் மெல்லியது என்பார். விலையின் காரணம் அப்போது வாங்குவோருக்கு விளங்கும்.

உரம் வழங்கும் ஊழியருக்கும் இதுவே விதி. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. 45 கிலோ மூட்டையில் அது 20.7 கிலோ. இக்கணக்கு அறிந்தவரே, கேட்ட மூட்டையை எடுத்துப் போடுமுன், "மண் பரிசோதனைச் சீட்டு இருக்கிறதா, ஐயா?" என்று வினவுவார்.

ஆதலின் முதல் வாரம் தறியிலும் வயலிலும், இரண்டாம் வாரம் மூத்த ஊழியர் அருகிலும், மூன்றாம் வாரம் அவர் மேற்பார்வையில் தனித்தும் புதியவர் பழகட்டும். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று ஒருபோதும் சொல்லாமையும், அறியாததைக் கேட்டால் "விசாரித்துச் சொல்கிறேன்" என்று கூறும் நேர்மையும் அவர் கற்கவேண்டிய முதற்பாடங்கள்.

மூன்று வாரச் சம்பளம் வீண் என்று சில இயக்குநர்கள் கருதலாம். விற்காமல் மடிந்து கிடக்கும் சேலைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தபின் அவர்கள் தீர்மானிக்கட்டும்.