அரைகுறை வீடு வாங்குமுன் அறிய வேண்டியவை

இடம்பெயர்ந்து வாழும் எம்மில் பலருக்குச் சொந்தக் கூரை ஒன்று வேண்டும் என்ற எண்ணம் ஒருநாளும் விட்டுப்போவதில்லை. உறவினர் வீட்டு விறாந்தையிலும் வாடகை வீட்டிலும் வருடக்கணக்காக இருந்தவர்களிடம், சுவர் எழும்பி நிற்கும் வீடொன்றை மலிவாகத் தருவதாக யாராவது சொன்னால் மனம் உடனே அங்கே போய்விடும். பக்கத்தில் தோட்டம் செய்யத் துண்டுக் காணியும் கிணறும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இப்படி அரைகுறையாக நிற்கும் வீடுகள் வடக்கிலும் கிழக்கிலும் பல உண்டு. சிலவற்றின் உரிமையாளர் வெளிநாடு போய்விட்டார். சில, 2019 இன் பின் வீட்டுத்திட்டத் தவணைப் பணம் நின்றதால் சுவரோடு விடப்பட்டவை. வேறு சில, 2022 இல் சீமெந்தும் கம்பியும் விலை ஏறியதால் கைவிடப்பட்டவை. இவற்றை வாங்குவது பிழையல்ல. ஆனால் ஈடு வைத்த நகையும் வெங்காயம் விற்ற காசும் ஒருமுறைதான் எம் கையை விட்டுப் போகும். ஆகவே காசு கொடுக்குமுன் பார்க்க வேண்டியவற்றை ஒழுங்காகப் பார்ப்போம்.

முதலில் காணி

வீட்டைப் பார்க்குமுன் காணியைப் பாருங்கள். அது உறுதிக் காணியா, அரச காணியா?

1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உத்தரவுப் பத்திரத்தில் வழங்கப்பட்ட காணியை, அதைப் பெற்றவர் விற்க முடியாது. விற்றாலும் அந்த விற்பனை செல்லாது. சத்தியக்கடதாசி எழுதித் தருகிறோம் என்பார்கள். அந்தக் கடதாசி உங்களுக்கு உரிமை தராது. அளிப்புப் பத்திரக் காணியானால் பிரதேச செயலாளரின் சம்மதத்தை முன்கூட்டியே எழுத்தில் பெற வேண்டும். வீட்டுத்திட்ட வீடுகளில் பல இத்தகைய காணிகளிலேயே உள்ளன என்பதை மறக்க வேண்டாம்.

உறுதிக் காணியானால், நொத்தாரிசு ஒருவரைக் கொண்டு காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈடு, வழக்கு, பங்குகள் உண்டா என்பது அங்கே தெரியவரும். தேசவழமைக்கு உட்பட்டவர்களின் காணியில் பங்காளருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். மனைவியின் சீதனக் காணியானால் கணவனின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்து அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தால், அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை நேரடியாக அறிந்துகொள்ளுங்கள். கொடுத்தவர் இறந்தால் அந்தத் தத்துவமும் முடிந்துவிடும்.

"பத்து வருடத்துக்கு மேல் நாங்கள்தான் ஆட்சி" என்ற பேச்சை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. அதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். அந்த வளவு எம்மைப்போல் ஓடிப்போன இன்னொரு குடும்பத்தினுடையதாகவும் இருக்கலாம். அயலவரிடமும் கிராம அலுவலரிடமும் விசாரியுங்கள்.

அடுத்து பிரதேச சபை

வீடு கட்டுவதற்குப் பிரதேச சபையோ நகர சபையோ வரைபடத்தை அங்கீகரிக்க வேண்டும். வேலை முடிந்த பின் அதே சபை அமைவுச் சான்றிதழ் வழங்க வேண்டும். அனுமதித்தபடியே வீடு கட்டப்பட்டுள்ளது, குடியிருக்கலாம் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

விற்பவரிடம் அங்கீகரித்த வரைபடத்தைக் கேட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். வரைபடத்தில் இல்லாத அறை எழும்பியுள்ளதா? சுவர் எல்லையையோ வீதியையோ நெருங்கி நிற்கிறதா? அனுமதிக்குக் காலவரையறை உண்டு. அது முடிந்திருந்தால் புதுப்பிக்க வேண்டும். பின்னர் சபைக்குப் போய்த் தொழினுட்ப உத்தியோகத்தரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த வீட்டுக்கு எதிராக அறிவித்தல் ஏதும் உண்டா? இப்போது இருக்கும் நிலையில் அனுமதி பெற முடியுமா? சோலைவரி நிலுவையையும் அப்போதே கேட்டறியுங்கள்.

அனுமதியின்றிக் கட்டிய வீடு விதிகளுக்கு அமைவாக இருந்தால், மேலதிகக் கட்டணத்துடன் பின்னர் அனுமதி பெற இடமுண்டு. விதிக்கு மாறானதானால் சபை நீதவான் நீதிமன்றம் சென்று இடிக்கும் கட்டளை பெறலாம். அப்போது சுவர் எழுப்பியவர் வெளிநாட்டில் இருப்பார். இடிபடும் வீட்டில் இருப்பது நாமாக இருக்கும். வங்கிக் கடன் பெறவும் இந்தப் பத்திரங்களே கேட்கப்படும். கடற்கரையோரமானால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்திலும் விசாரிக்க வேண்டும். உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும்.

மிச்ச வேலையை அளந்து பாருங்கள்

விற்பவரின் மேசனை அல்ல, உங்களுக்குத் தெரிந்த மேசன் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். மழையில் நனைந்து துருப்பிடித்த கம்பி, அத்திவாரத்திலிருந்து மேலேறும் வெடிப்பு, உப்புப் பூத்த கல், கறையான் அரித்த மரம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 50 அடியாவது இருக்கட்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் நிலத்தில் அழுக்கு நீர் விரைவாகப் பரவும் என்பதால் தூரம் கூடினால் நல்லது.

பின்னர் கூரை, கதவு யன்னல், பூச்சு, தரை, மலசலகூடம், மின்சாரம் என்று ஒவ்வொன்றாகச் செலவை எழுதுங்கள். விலை 15 இலட்சம், மிச்ச வேலை 14 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வீடு உங்களுக்கு 29 இலட்சம். அதோடு நொத்தாரிசுக் கூலி, முத்திரை வரி, அனுமதிக் கட்டணம். வெறும் காணி வாங்கிச் சிறிதாகக் கட்டினால் என்ன முடியும் என்பதையும் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள்.

முற்பணம் கொடுக்கும்போது

வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டி எழுதிய காணி ஒப்பந்தம் சட்டத்தில் நில்லாது. 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்பாக இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் முற்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும், எந்த நாளுக்குள் என்பதையும் அதில் எழுதுவியுங்கள். பெருந்தொகையை உறுதி முடியும் நாளுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். உறுதி முடிந்ததும் அதைக் காணிப் பதிவகத்தில் தாமதமின்றிப் பதிவு செய்யுங்கள்.

"இன்று தராவிட்டால் வேறு ஆள் வாங்கிவிடும்" என்று அவசரப்படுத்துவார்கள். வாங்கினால் வாங்கட்டும். இத்தனை வருடம் பொறுத்த நாம், பத்திரம் பார்க்க இன்னும் இரண்டு கிழமை பொறுக்கலாம். ஒருமுறை வீட்டை விட்டு வெளியேறியவர்கள் நாம். சொந்தக் காசு கொடுத்து வாங்கிய வீட்டிலிருந்து மறுபடியும் வெளியேறும் நிலை எமக்கு வரக்கூடாது.