எஞ்சினுக்குத் திசை காட்டுவது யார்?

தென்காசிச் சீமையில், பாவூர்சத்திரத்தை அடுத்துள்ளது கீழப்பாவூர். அப்பக்கத்துக் கிணறுகளில் முன்னாளில் கமலை இறைத்தது. பிறகு ஆயில் எஞ்சின் வந்தது. அதன்பின் மின்சார மோட்டார் வந்தது. கமலை மாடு ஓர் அதட்டலுக்கு நடக்கும். மோட்டாருக்குச் சுவிச்சு போதும். நடுவில் வந்த எஞ்சினுக்கு மட்டும் முதற் சுற்றை மனிதனே கை வலிக்கச் சுற்றித் தரவேண்டியிருந்தது. ஏன்?

ருடால்ப் டீஸல் என்ற ஜெர்மானியர் 1897-ல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சின் வகையில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் கீழிறங்கிக் காற்றை இழுக்கும். மேலேறி அதை ஏறக்குறைய 16-ல் ஒரு பங்காக அமுக்கும். அமுக்கத்தினால் காற்றின் உஷ்ணம் 500 டிகிரியைத் தாண்ட, அதில் தெளிக்கப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொண்டு பிஸ்டனைக் கீழே தள்ளும். மறுபடி மேலேறுகையில் புகை வெளியேறும். இந்த நான்கு நடைகளில் வரவு ஒன்றே. மற்ற மூன்றும் செலவு. நின்றிருக்கும் எஞ்சினிடம் கைம்முதல் ஏது? அதைக் கடனாகக் கொடுப்பதுதான் ஹாண்டில். பிறகு பிளைவீல் என்னும் கனத்த சக்கரம் வரவைச் சேமித்து, செலவு நடைகளுக்குப் படியளக்கிறது.

திசையையும் அந்தக் கையே நிச்சயிக்கிறது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு, பல்சக்கரங்களால் எஞ்சினோடு பிணைந்தது. எந்தத் திசைக்காக அது அமைக்கப்பட்டதோ, அந்தத் திசையில்தான் நான்கு நடைகளும் முறை தவறாமல் வரும்.

இதில் ஓர் அபாயமும் உண்டு. பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பே எண்ணெய் தெளிக்கப்படுகிறது. வேகமாகச் சுழலும் சக்கரம் உச்சியைத் தாண்டிவிடும். தயங்கிச் சுற்றினாலோ, வெடிப்பு பிஸ்டனை வந்த வழியே திருப்பி உதைக்கும். முன்னோக்கி ஓடும் எஞ்சின் ஹாண்டிலைத் தானே நழுவவிடும். பின்னோக்கி உதைக்கும்போது விடாமல் பற்றிக்கொள்ளும். மணிக்கட்டு முறிவது இவ்விதந்தான். சில சமயம் எஞ்சின் தலைகீழாகவே ஓடி, காற்று இழுக்கும் வழியாகப் புகையைக் கக்குவதும் உண்டு. உடனே எரிபொருளை நிறுத்தாவிட்டால் மசகெண்ணெய் கிட்டாமல் யந்திரம் பாழாகும்.

ஆகையால் பழக்கமுள்ளவர்கள் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிப்பார்கள். அமுக்கத்தை விடுவிக்கும் நெம்புகோலைத் தூக்கி வைத்து, சக்கரம் நல்ல வேகம் கொண்ட பிறகே அதைக் கீழே விடுவார்கள்.

1946-ல் பூனாவில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் கம்பெனி தோன்றியது. நம் வயலுக்கு நீர் இறைக்க நம் நாட்டு எஞ்சினே வந்தது. சுதேசி எஞ்சினானாலும் சீமை எஞ்சினானாலும் விதி ஒன்றுதான்: முழு மனதோடு சுற்றுகிறவனுக்கு அது உழைக்கும், அரை மனதோடு சுற்றுகிறவனை உதைக்கும்.