நாணயப் பிழையும் பிற்காலச் சிதைவும்: வேறுபடுத்தி அறியும் நெறி

முன்னுரை

ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கும் அறிஞர், எழுதுவோர் பிழையையும் செல்லரிப்பையும் ஒன்றெனக் கொள்வதில்லை. முன்னது ஏடு எழுதப்பட்டபோதே நேர்ந்தது. பின்னது காலப்போக்கில் வந்து சேர்ந்தது. நாணயங்களை வரலாற்றுச் சான்றாகக் கையாளும் நாமும் இவ்வேறுபாட்டைப் போற்றுதல் வேண்டும். நாணயச்சாலையில் நேர்ந்த பிழை உற்பத்தி முறையை உணர்த்தும்; பின்னர் நேர்ந்த சிதைவு அதனைக் கையாண்ட மக்களைப் பற்றி உணர்த்தும். இரண்டையும் மயங்கக் கொள்வோமாயின் இருவகைச் சான்றுகளையும் இழப்போம்.

பிழையின் இயல்பு

நாணய உருவாக்கத்தில் மூன்று நிலைகள் முதன்மையானவை: உலோகத் தகட்டிலிருந்து வெற்று வில்லையை வெட்டி விளிம்பை உயர்த்துதல், எழுத்தும் உருவமும் எதிர்மறையாகக் குடையப்பட்ட அச்சுகளை அமைத்தல், அவற்றிடையே வில்லையை வைத்து அழுத்துதல். 1968இல் ஜூரோங்கில் நிறுவப்பெற்ற சிங்கப்பூர் நாணயச்சாலைக்கும் இது பொருந்தும். உண்மையான பிழை இந்நிலைகளுள் ஒன்றால் விளக்கத்தக்கதாக இருக்கும். எந்நிலையாலும் விளக்கவியலாத குறையைச் சிதைவென்றே கொள்ளலாம்.

சிங்கப்பூரில் 1985 முதல் வெளிவந்த இரண்டாம் வரிசை நாணயங்களில் நாட்டின் பெயர் நான்கு ஆட்சிமொழிகளிலும் பொறிக்கப்பட்டது. அதன் தமிழ் வடிவத்தில் ஒரு மெய்யெழுத்தின் புள்ளி காணப்படவில்லை எனக் கொள்வோம். அச்சின் குழியில் பிசுக்கு அடைத்திருந்தால் உலோகம் அங்கு ஏறியிராது. சுற்றியுள்ள தளமோ கீறலின்றி இருக்கும். பின்னர்ச் சுரண்டப்பட்டிருந்தால் கீறல்களும் ஒதுங்கிய உலோகமும் உருப்பெருக்கியில் தென்படும். புழக்கத்தில் தேய்ந்திருந்தால் அண்டை எழுத்துகளும் உடன் தேய்ந்திருக்கும்.

விளிம்புக் குறையும் இத்தகையதே. வில்லை வெட்டும்போதே ஒரு பகுதி குறைந்திருப்பின், விளிம்பை உயர்த்தும் பொறியில் அதன் நேரெதிர்ப் பக்கம் போதிய அழுத்தம் பெறாது. ஆதலின் எதிர் விளிம்பும் பெரும்பாலும் மங்கலாக இருக்கும். அரத்தால் பின்னர்த் தேய்க்கப்பட்ட நாணயத்தில் எதிர் விளிம்பு முழுமையாக நிற்கும்.

சிதைவும் சான்றே

பிழையன்று எனத் தெளிந்தபின் சிதைவைப் புறக்கணித்தல் தகாது. சிராங்கூன் சாலை நகைக்கடையொன்றுக்கு வரும் பழைய பவுனில் துளையோ பற்றவைத்த தழும்போ இருப்பின், அது காசுமாலையாகவோ பதக்கமாகவோ அணியப்பட்டதை உய்த்துணரலாம். தமிழகத்தில் இதனினும் தொன்மையான சான்று உண்டு. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலையுருவத்தின்மீது உளிவெட்டு உள்ளது. வெட்டு உருவத்தை ஊடறுத்துச் செல்வதால் அது காசு அடிக்கப்பட்டபின் நிகழ்ந்ததென்பது தெளிவு. பொன்னின் தரத்தைச் சோதிக்க வெட்டினர் என்பாரும், புழக்கத்திலிருந்து நீக்க வெட்டினர் என்பாரும் உளர். இவ்விவாதத்திற்கு அடிப்படை அவ்வெட்டைப் பிழையெனக் கருதாமையே ஆகும்.

முடிவுரை

ஆகவே, வகுப்பறையில் நாணயத்தைச் சான்றாகக் காட்டும் ஆசிரியர், அதன் அருமையையோ விலையையோ பேசுவதற்கு முன், இக்குறை எந்நிலையில் நேர்ந்தது என்னும் வினாவை மாணவரிடம் எழுப்புதல் நலம். உருப்பெருக்கியும் குறையற்ற ஒத்த நாணயம் ஒன்றும் அருகில் இருப்பின், விடையை மாணவரே காண இயலும்.