கணினிவழித் தொடர்வண்டி முன்பதிவும் விடுமுறைப் பயணமும்

கணினிவழித் தொடர்வண்டி முன்பதிவு என்பது தொடர்வண்டியில் இருக்கை அல்லது படுக்கையைக் கணினி வலையமைப்பின் வழியாக முன்கூட்டியே பெறும் முறையாகும். இந்திய இரயில்வேயில் இம்முறை 1985 ஆம் ஆண்டு புது தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கப்பட்டது. 2002 இல் இது இணையத்திற்கு விரிவுபடுத்தப்பட்டது. கோடை விடுமுறை, தீபாவளி, பொங்கல் போன்ற காலங்களில் சொந்த ஊருக்கோ சுற்றுலாவுக்கோ செல்லும் குடும்பங்கள் பயணத்தைத் திட்டமிடும் முறையை இது பெரிதும் மாற்றியுள்ளது. எங்கு வரிசையில் நிற்பது என்ற கேள்வி மறைந்து, எந்த நாளில், எந்த நிமிடத்தில் முயல்வது என்ற கேள்வி முதன்மை பெற்றது. எனினும் விழாக் காலத் தேவையை விடப் படுக்கைகள் குறைவாக இருக்கும் அடிப்படைச் சிக்கல் நீங்கவில்லை.

கணினிக்கு முந்தைய நிலை

கணினி வருவதற்கு முன்னர் முன்பதிவு முழுவதும் பேரேடுகளில் கையால் எழுதப்பட்டது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிப் பதிவுகள் பேணப்பட்டன. குறிப்பிட்ட வண்டிக்குக் குறிப்பிட்ட சாளரத்தில்தான் சீட்டுப் பெற இயலும். ஒரு சாளரத்தில் நின்று இடமில்லை என்று அறிந்தவர், மாற்று வண்டிக்கு வேறொரு வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியிருந்தது.

திரும்பி வரும் பயணத்திற்கு முன்பதிவு செய்வது இதைவிடக் கடினமானது. அந்த வண்டிக்கான பேரேடு அது புறப்படும் நிலையத்தில் இருந்ததால், அங்குத் தந்தி அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. பலர் ஊருக்குச் சென்று சேர்ந்த பின்னரே திரும்பும் வழியை உறுதி செய்தனர். இதனால் விடுமுறையின் முடிவு நாள் பெரும்பாலும் நிச்சயமற்றதாகவே இருந்தது.

முறைமையின் வளர்ச்சி

1985 நவம்பரில் புது தில்லியில் தொடங்கிய சோதனை முயற்சிக்கான மென்பொருளை சி.எம்.சி. நிறுவனம் உருவாக்கியது. இதற்கு ஐம்ப்ரெஸ் என்று பெயர். எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் சீட்டுப் பெறலாம் என்பது இதன் முதல் பயன் ஆகும். 1986 இல் இரயில்வே தகவல் முறைமைகள் மையம் (கிரிஸ்) நிறுவப்பட்டது. தொடர்ந்து மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய நகரங்களிலும் கணினி மையங்கள் அமைந்தன.

தொடக்கத்தில் இம்மையங்கள் தனித்தனியே இயங்கின. கிரிஸ் உருவாக்கிய கான்செர்ட் என்னும் மென்பொருளின் வழியாக 1999 இல் ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. அதன் பின்னர் மதுரையில் உள்ள ஒருவர் தில்லியிலிருந்து ஆக்ரா செல்லும் வண்டிக்கும் உள்ளூரிலேயே சீட்டுப் பெற முடிந்தது. போகவும் வரவும் ஒரே நாளில், ஒரே சாளரத்தில் முன்பதிவு செய்யும் வழக்கம் இதனால் பரவியது. விடுமுறையின் இரு முனைகளும் வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே உறுதியாயின.

செயற்படும் முறை

ஒவ்வொரு வண்டியின் இருக்கை விவரமும் ஏதேனும் ஒரு மையத்தின் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகிறது. நாட்டின் எந்த மூலையிலிருந்து கோரிக்கை வந்தாலும் அது உரிய மையத்திற்கு அனுப்பப்படுகிறது. ஒரே படுக்கையை ஒரே நேரத்தில் இருவர் கோரும்போது, முதலில் வந்த கோரிக்கைக்காக அந்தப் பதிவு பூட்டப்படுகிறது. அது முடிந்த பின்னரே அடுத்த கோரிக்கை கவனிக்கப்படும். இதனால் ஒரு படுக்கை இருவருக்கு விற்கப்படுவது தவிர்க்கப்படுகிறது.

ஒவ்வொரு சீட்டுக்கும் பி.என்.ஆர். எனப்படும் பத்து இலக்க எண் வழங்கப்படுகிறது. படுக்கைகள் நிரம்பிய பின் வருவோருக்கு ஆர்.ஏ.சி. நிலை கிடைக்கும். இந்நிலையில் உள்ள இருவர் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கை ஒன்றை இருக்கைகளாகப் பகிர்ந்து பயணம் செய்யலாம். அதற்கும் அப்பால் வருவோர் காத்திருப்போர் பட்டியலில் இடம் பெறுவர். உறுதியான சீட்டுகள் இரத்தாகும்போது இவர்கள் வரிசைப்படி முன்னேறுவர். வண்டி புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்னதாக இறுதிப் பயணிகள் பட்டியல் ஆயத்தமாகிறது.

இணையவழிச் சீட்டு

இந்திய இரயில்வே உணவு மற்றும் சுற்றுலாக் கழகம் (ஐ.ஆர்.சி.டி.சி.) 1999 இல் நிறுவப்பட்டது. 2002 ஆகஸ்டில் இக்கழகத்தின் வலைத்தளத்தில் சீட்டு விற்பனை தொடங்கியது. அப்போது இணையத்தில் பணம் செலுத்தினாலும், அச்சிட்ட சீட்டு அஞ்சல் தூதர் மூலமே வீட்டிற்கு வந்தது. ஆகவே கடைசி நேரப் பயணத்திற்கு அது உதவவில்லை. 2005 இல் அறிமுகமான மின்சீட்டைப் பயணியே அச்சிட்டுக் கொள்ளலாம். 2012 முதல் அச்சுப் படியும் தேவையற்றதாகி, செல்லிடத் தொலைபேசியில் வரும் குறுஞ்செய்தியும் அடையாள அட்டையும் போதும் என்ற நிலை உருவானது.

2014 ஆகஸ்டில் அறிமுகப்படுத்தப்பட்ட புதிய முறைமை, நிமிடத்திற்கு 2,000 ஆக இருந்த சீட்டு வழங்கும் திறனை 7,200 ஆக உயர்த்தியது. முன்பதிவுச் சீட்டுகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இப்போது இணையவழியே பெறப்படுகின்றன.

விடுமுறைத் திட்டமிடலில் ஏற்பட்ட மாற்றங்கள்

நாட்கணக்கு

முன்பதிவு எத்தனை நாட்களுக்கு முன்பு திறக்கும் என்பதை இரயில்வே அவ்வப்போது மாற்றி வந்துள்ளது. 2015 ஏப்ரலில் இது 60 நாட்களிலிருந்து 120 நாட்களாக உயர்த்தப்பட்டது. 2024 நவம்பர் 1 முதல் மீண்டும் 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. 61 முதல் 120 நாட்களுக்கு முன்பு பெறப்பட்ட சீட்டுகளில் ஏறத்தாழ 21 விழுக்காடு இரத்து செய்யப்பட்டதை இரயில்வே இதற்குக் காரணமாகக் குறிப்பிட்டது.

பயண நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எடுத்துக்காட்டாக, 2025 ஆம் ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. அதற்கு முந்தைய வெள்ளியான அக்டோபர் 17 அன்று சென்னையிலிருந்து திருநெல்வேலி செல்ல விரும்பியவருக்கு ஆகஸ்ட் 18 காலை 8 மணிக்கு முன்பதிவு திறந்தது. பழைய விதியின்படி அது ஜூன் 19 ஆக இருந்திருக்கும். தென் மாவட்டங்களுக்குச் செல்லும் நெல்லை, பொதிகை, பாண்டியன், கன்னியாகுமரி போன்ற விரைவு வண்டிகளின் விழாக் காலச் சீட்டுகள் திறந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்து விடுவது வழக்கமாகியுள்ளது. ஒரு படுக்கை வசதிப் பெட்டியில் பழைய வகையில் 72 படுக்கைகளும் புதிய வகையில் 80 படுக்கைகளும் மட்டுமே உள்ளன. ஆகவே அலுவலகத்தில் விடுப்பு உறுதியாவதற்கு முன்பே சீட்டு எடுத்து வைப்பதும், விடுப்புக் கிடைக்காவிட்டால் இரத்து செய்வதும் பரவலாயின.

காத்திருப்போர் பட்டியலைக் கணித்தல்

முன்னர் இடம் உண்டு, இல்லை என்ற விடை மட்டுமே கிடைத்தது. இப்போது தமது வரிசை எண் நாளுக்கு நாள் எவ்வாறு குறைகிறது என்பதைப் பயணியே பார்க்க இயலும். 2018 முதல் ஐ.ஆர்.சி.டி.சி. வலைத்தளமே சீட்டு உறுதியாகும் வாய்ப்பைக் கணித்துக் காட்டுகிறது. எந்த எண் வரை நம்பலாம், எப்போது மாற்று ஏற்பாடு தேடலாம் என்ற கணக்கு குடும்பத் திட்டமிடலின் பகுதியாகிவிட்டது.

மாற்று வழிகள்

சீட்டுக் கிடைக்காதவர்கள் வேறு நாள், வேறு வண்டி, இடைநிலையத்தில் வண்டி மாறும் வழி ஆகியவற்றை உடனுக்குடன் ஒப்பிட முடிகிறது. பேருந்துகளும் இவ்வழியில் சேர்ந்தன. 2005 ஆம் ஆண்டுத் தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து ஊர் திரும்பப் பேருந்துச் சீட்டுக் கிடைக்காத பணீந்திர சாமா என்னும் பொறியாளர், அடுத்த ஆண்டு நண்பர்களுடன் ரெட்பஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். எந்தப் பேருந்தில் இடம் உள்ளது என்பதை ஒரே இடத்தில் அறிய வழியில்லாததே அவர் கண்ட சிக்கல் ஆகும்.

தட்கலும் தானியங்கி நிரல்களும்

திடீர்ப் பயணிகளுக்காகத் தட்கல் திட்டம் 1997 இல் தொடங்கப்பட்டது. இதில் கூடுதல் கட்டணத்துடன், வண்டி புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் சீட்டுப் பெறலாம். 2015 முதல் குளிரூட்டப்பட்ட வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் பிற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் விற்பனை தொடங்குகிறது.

இத்தகைய நொடிப் போட்டியில் மனிதரை விட நிரல்கள் விரைவாகச் செயற்படுகின்றன. பயணியர் விவரங்களை முன்கூட்டியே நிரப்பி வைத்து, விற்பனை திறந்தவுடன் அனுப்பும் நிரல்களை முறைகேடான முகவர்கள் பயன்படுத்துகின்றனர். தட்கல் திறக்கும் முதல் ஐந்து நிமிடங்களில் நடைபெறும் உள்நுழைவு முயற்சிகளில் பாதி வரை இத்தகைய நிரல்களுடையவை என்று 2025 இல் இரயில்வே தெரிவித்தது. ஐயத்திற்குரிய 2.5 கோடி பயனர் கணக்குகள் முடக்கப்பட்டதாகவும் அறிவித்தது.

2025 ஜூலை முதல் இணையவழித் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது. உரிமம் பெற்ற முகவர்களும் முதல் 30 நிமிடங்களுக்குத் தட்கல் சீட்டுப் பெற இயலாது. உரிமமின்றிச் சீட்டு வணிகம் செய்வது 1989 ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 143 ஆம் பிரிவின்படி குற்றமாகும். இணையம் பரவுவதற்கு முன் இயற்றப்பட்ட இப்பிரிவு மின்சீட்டுகளுக்கும் பொருந்தும் என 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விமர்சனங்கள்

கணினிமயமாக்கம் வரிசையை நீக்கவில்லை, அதைக் கண்ணுக்குத் தெரியாததாக மாற்றியது என்பது முதன்மையான விமர்சனம் ஆகும். முன்பு விடியற்காலையில் வந்து நிற்பவருக்கு முன்னுரிமை கிடைத்தது. இப்போது விரைவான இணைய இணைப்பு, வங்கிக் கணக்கு, வலைத்தளப் பழக்கம் ஆகியவை உள்ளவருக்கு அது கிடைக்கிறது. தொலை மாநிலங்களில் கூலி வேலை செய்வோர், முதியோர், திறன்பேசி இல்லாதோர் ஆகியோர் நிலையச் சாளரத்தையோ முகவரையோ நாட வேண்டியுள்ளது. காலை 8 மணிக்குச் சாளரத்தில் முதலாவதாக நிற்பவரும், அதே நொடியில் நாடு முழுவதும் இணையத்தில் முயல்வோருடன் போட்டியிட வேண்டியுள்ளது.

சீட்டின் வகையைப் பொறுத்து விதிகளும் வேறுபடுகின்றன. மின்சீட்டில் உள்ள அனைவரும் இறுதிப் பட்டியலுக்குப் பின்னும் காத்திருப்பில் இருந்தால் அது தானாகவே இரத்தாகிப் பணம் கணக்கிற்குத் திரும்பும். சாளரத்தில் பெற்ற சீட்டை உரிய நேரத்திற்குள் பயணியே இரத்து செய்து பணம் பெற வேண்டும்.

மறுபுறம், இருப்பு விவரம் அனைவருக்கும் தெரியும்படி ஆனதால் சாளரத்தில் உள்ளவரின் சொல்லை மட்டுமே நம்பியிருக்கும் நிலை நீங்கியது. பயணத்திற்காக ஒரு நாள் வேலையை இழந்து நகரத்து முன்பதிவு மையத்திற்குச் செல்லும் தேவையும் சிற்றூர் மக்களுக்குக் குறைந்துள்ளது.

இவற்றையும் பார்க்க

இந்திய இரயில்வே
தெற்கு இரயில்வே
தரவுத்தளம்
மின்வணிகம்
எண்ணிம இடைவெளி